கூற்றும் எச்சமும்: மார்ஷல் தீவுகள் பற்றிய அமெரிக்க ஆவண நிழற்படங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய மைக்ரோனேசியத் தீவுகளை அமெரிக்க ஐக்கிய நாடு முதலில் தன் கடற்படையைக் கொண்டு ஆண்டது. 1947இல் ஐக்கிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றம் அத்தீவுகளைப் பொறுப்பாட்சி நிலப்பகுதியாக அந்நாட்டிடம் ஒப்படைத்தது. 1951இல் நிருவாகம் கடற்படையிடமிருந்து உள்நாட்டு அலுவல் துறைக்கு மாறியது. 1946 முதல் 1958 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில், இத்தீவுக் கூட்டங்களுள் ஒன்றாகிய மார்ஷல் தீவுகளில் 67 அணுவெடிச் சோதனைகள் நிகழ்த்தப்பட்டன. இக்காலத்தில் எடுக்கப்பட்ட நிழற்படங்கள் மிகப் பல. படைத்துறையினர் எடுத்தவை பெரும்பாலும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலும், பொறுப்பாட்சி நிருவாகத்தார் எடுத்தவை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாக நூலகத்திலும் பேணப்படுகின்றன. அவற்றுள் கணிசமானவை இன்று இணையத்தின்வழி எவர்க்கும் எளிதில் காணக் கிடைக்கின்றன.

அப்படங்களுள் சிலவற்றைத் திறனாய்வு நோக்கில் அணுகுவதே நம் எண்ணம். இந்திய ஆய்வியல் சார்ந்த இதழொன்றில் பசிபிக் தீவுகளின் படங்களுக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். மார்ஷல் தீவுகளில் 1954 மார்ச்சு முதல் நாள் நடந்த சோதனையின் விளைவுகள் வெளியானபொழுது, அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இந்திய நாடாளுமன்றத்தில் சவகர்லால் நேரு அணுவெடிச் சோதனைகள் அனைத்தும் நிறுத்திவைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இவ்வரலாறு நம் துறைக்கு முற்றிலும் அயலானதன்று. மேலும், இப்படங்களைப் படிப்பதற்கு ஏற்ற வினாக்கள் சில நம் இலக்கணத்திலேயே கிடக்கின்றன. அதுவே நமக்கு வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளாக எண்ணப்படும் முப்பத்து நான்கனுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம் என்பனவும் அடங்கும். யார் சொல்வது, யாரை நோக்கிச் சொல்வது, எவ்விடத்து, எப்பொழுது, சொல்லாது விடப்பட்டது யாது என்னும் இவ்வினாக்களை எழுப்பாமல் ஓர் அகப்பாட்டுக்குப் பொருள் காண இயலாது. சங்கத் தொகை நூல்களில் பாட்டின் அடியில் 'இது தலைவி தோழிக்கு உரைத்தது' என்பது போன்ற கூற்றுக் குறிப்பு இருப்பதை நாம் அறிவோம். அது புலவர் எழுதியதன்று. தொகுத்தோர் பிற்காலத்தில் சேர்த்தது என்பதே அறிஞர் பலரின் முடிபு. ஆயினும் அக்குறிப்பைப் படித்தபின் பாட்டை வேறு வகையாகப் படிப்பது நமக்கு அரிதாகிவிடுகிறது. ஆவணக் காப்பகப் படத்தின் கீழுள்ள படக்குறிப்பும் அத்தகையதே. அதனை எழுதியவர் பெரும்பாலும் படத்தை எடுத்தவரல்லர். படத்தில் இருப்பவர் ஒருபோதும் அல்லர். நிழற்படம் செய்யுளன்று என்பதை நாம் மறக்கவில்லை. செய்யுளுக்குரிய வினாக்களை மட்டும் இங்கே கடனாகப் பெறுகிறோம்.

கேட்ட காட்சி

பிக்கினி என்பது ஒரு காயலைச் சூழ்ந்து வளையமாகக் கிடக்கும் 23 சிறு தீவுகளின் தொகுதி. 1946இன் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்தோர் 167 பேர். அவர்களிடம் தீவைக் கேட்டுப் பெறும் காட்சியே இத்தொகுதியில் மிகுதியும் அச்சேறிய படம் எனலாம். தென்னை மரங்கள், மணலில் அமர்ந்திருக்கும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், அவர்களிடையே சீருடையணிந்த கொமடோர் பென் வயட். இவர் அப்பொழுது மார்ஷல் தீவுகளின் படைத்துறை ஆளுநர். மனித குலத்தின் நன்மைக்காகவும் உலகப் போர்களுக்கு முடிவு காண்பதற்காகவும் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தர இயலுமா என்று அவர் கேட்கிறார்; மக்கள் தலைவர் ஜூடா, எல்லாம் இறைவன் கையில் என்னும் பொருள்படும் மறுமொழி தருகிறார். படக்குறிப்புகள் இதனைப் பெரும்பாலும் ஒப்புதல் பெற்ற காட்சியாகவே அறிமுகப்படுத்துகின்றன.

இங்கே 'காலம்' என்னும் உறுப்பைப் பொருத்திப் பார்ப்போம். அதிபர் ட்ரூமன் இச்சோதனைத் திட்டத்துக்கு இசைவு தந்தது 1946 சனவரி 10ஆம் நாள். திட்டத் தலைவர் வைஸ் அட்மிரல் பிளாண்டி பிக்கினியே சோதனைக்களம் என்று அறிவித்தது சனவரி 24ஆம் நாள். வயட் தீவுக்குச் சென்று, ஞாயிறு வழிபாடு முடிந்தபின் மக்களிடம் பேசியது பிப்ரவரி 10ஆம் நாள். கேள்வி கேட்கப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே விடை முடிவாகிவிட்டது. இது வரலாற்று நூல்கள் எடுத்துச் சொல்லும் செய்தி. நிழற்படத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. நாம் காணும் படமும் அதனோடு சேர்ந்த திரைப்பதிவும் அந்தப் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை அல்ல. மக்கள் கப்பலேறுவதற்கு முதல் நாளாகிய மார்ச்சு 6ஆம் தேதி, கடற்படைப் படப்பிடிப்பாளர்களுக்காக அக்காட்சி திரும்ப நடத்தப்பட்டது. ஒரு தடவையோடு நிறைவு வராமல் பல தடவை எடுத்தார்கள். வயட் அதே சொற்களைத் திரும்பச் சொன்னார். ஜூடா அதே மறுமொழியைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த ராபர்ட் ஸ்டோனின் 'ரேடியோ பிக்கினி' என்னும் ஆவணப்படம், வெட்டி ஒதுக்கப்பட்ட அத்தகைய பதிவுகளை எடுத்துக் காட்டுகிறது. ஒரே கேள்வி பலமுறை கேட்கப்படுவதைத் தொடர்ந்து பார்க்கும்பொழுது, அது கேள்வியாக ஒலிப்பதை நிறுத்திவிடுகிறது.

நடித்துக் காட்டிய காட்சி ஆதலால் அப்படம் பொய் என்று தள்ளிவிடுவது எளிது. நம் கருத்து அதுவன்று. படம் எதனைக் காட்டுகிறதோ அதற்கு அது மெய்ச் சான்றே. அது காட்டுவது மார்ச்சு 6ஆம் நாள் மக்களை மணலில் அமரச் செய்து, ஒப்புதல் தரும் காட்சியை நடிக்கச் செய்ததை. கூற்று வயட்டுடையது. கேட்போர் யார் என்பதே இங்குத் தலையாய வினா. அங்கே அமர்ந்திருந்த மக்கள் அக்கேள்வியை முன்னரே கேட்டுவிட்டவர்கள், மறுமொழியும் கூறிவிட்டவர்கள், மறுநாள் புறப்படுவதற்கு மூட்டைகட்ட வேண்டியவர்கள். ஆகவே அன்றைய கேட்போர் அவர்கள் அல்லர். அமெரிக்கத் திரையரங்குகளில் செய்திப்படம் காணவிருந்த பொதுமக்களே கேட்போர். அகப்பாட்டில் தலைவி தோழிக்குச் சொல்வதுபோலத் தோன்றும் சொல் சிறைப்புறத்தானாகிய தலைவனுக்குரியதாக அமைவதை நாம் அறிவோம். அதுபோல வயட் மக்களை நோக்கிப் பேசினாலும் சொல் வேறொருவருக்குரியது. இவ்வேறுபாட்டை உணர்ந்த ஒரு தொகுப்பாசிரியர் அப்படத்தின் கீழ் இவ்வாறு குறிப்பெழுதியிருக்கக் கூடும்: 'தீவு கொள்வதென முன்னரே துணிந்த படைத்தலைவன், தீவினர் இசைந்தார் எனத் தன்னாட்டார் அறியுமாறு உரைத்தது.'

சொற்களை விடுத்து முகங்களைப் பார்த்தால் வேறு சில புலப்படும். குழந்தைகள் வயட்டைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்க்கிறார்கள். பெண்கள் சிலர் இரண்டையும் பார்க்கவில்லை. நாடகத்தை இயக்குவோர் இவற்றையெல்லாம் கட்டுப்படுத்த முடியவில்லை போலும். தொல்காப்பியர் கூறும் எச்சம் இங்கேதான் இருக்கிறது.

மருட்கையாக மாறிய அச்சம்

அவ்வாண்டு சூலை முதல் நாளும் 25ஆம் நாளும் பிக்கினிக் காயலில் இரண்டு குண்டுகள் வெடிக்கப்பட்டன. முதலாவது வானூர்தியிலிருந்து போடப்பட்டது. இரண்டாவது நீருக்கடியில் வெடித்தது. இலக்காக நிறுத்தப்பட்ட கலங்கள் 95. பணியில் ஈடுபட்டோர் ஏறத்தாழ 42,000 பேர். தீவுகளில் கோபுரங்கள் எழுப்பித் தானியங்கும் படக்கருவிகளை அவற்றில் பொருத்தினார்கள். ஆளில்லாமல் இயங்கிய வானூர்திகள் முகிலுக்குள்ளேயே சென்று படமெடுத்தன. அப்பொழுது உலகிலிருந்த திரைப்படச் சுருளில் ஏறக்குறையப் பாதி அந்தக் காயலைச் சுற்றி இருந்தது என்று மதிப்பிடுவர். அதுவரை மனிதர் இவ்வளவு முயன்று படமெடுத்த நிகழ்ச்சி வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

சூலை 25ஆம் நாள் எடுத்த படம் உலகறிந்தது. காயலின் நடுவே எழுந்து நிற்கும் நீர்த்தூண். அதன் மேல் விரிந்த வெண்முகில். அடியில் சிறு பொம்மைகள் போலக் கிடக்கும் போர்க்கப்பல்கள். நீர்த்தூணின் ஒரு பக்கத்தில் கருமையான ஓர் அடையாளம் தெரியும். அது செங்குத்தாகத் தூக்கப்பட்ட ஆர்கன்சா என்னும் போர்க்கப்பலே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கப்பல் அங்கே நீரெழுச்சியைத் தடுத்ததால் உண்டான இடைவெளியே அது என்று சொல்வாரும் உண்டு. இவ்விவாதம் தீர்ந்தாலும் தீராவிட்டாலும், பல்லாண்டுகளாகப் படத்தைக் கூர்ந்து பார்த்தோர் அனைவரும் கப்பலையே தேடினார்கள் என்பது கருதத்தக்கது. படத்தின் முன்புறத்தில் தென்னைகள் நிற்கும் கரை ஒன்று உண்டு. அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று தேடியோர் மிகச் சிலரே.

மருட்கை என்னும் வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல். இப்படத்தில் நான்கும் ஒருசேர உள்ளன. முன்பு காணாத புதுமை, முகிலின் பெருமை, கப்பல்களின் சிறுமை, அறிவியலின் ஆக்கம். அச்சம் பிறத்தற்குரிய களத்தை மருட்கை பிறக்கும் களமாக மாற்றியதே இப்படப்பிடிப்பின் வெற்றி என நாம் கருதுகிறோம். படக்கருவி நெடுந்தொலைவிலிருந்து பார்ப்பதால் சூடு தெரிவதில்லை, ஒலி இல்லை, கதிர்வீச்சோ எந்தப் படத்திலும் தெரியாதது. மருட்கையிலிருந்து நகைக்கு நெடுந்தொலைவில்லை. 1946 நவம்பரில் வாசிங்டனில் நடந்த விருந்தொன்றில், காளான் முகில் வடிவில் செய்யப்பட்ட கேக்கை அட்மிரல் பிளாண்டியும் அவர் மனைவியாரும் வெட்டும் படம் நாளிதழில் வெளியாயிற்று. ஆர்தர் பவல் டேவிஸ் என்னும் மறையாளர் அதனை வன்மையாகக் கண்டித்தார். முதற்குண்டு வெடித்த நான்கு நாட்களில் பாரிசில் லூயி ரேயார் அறிமுகப்படுத்திய நீச்சலுடைக்கும் பிக்கினி என்றே பெயரிடப்பட்டது. அப்பெயர் தீவினரின் வரலாற்றை எவ்வாறு மறைக்கிறது என்று பசிபிக் அறிஞர் டெரேசியா டெயைவா 1994இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்துள்ளார்.

ஓர் இடைக்குறிப்பு. அக்கப்பல்களில் பன்றிகளும் ஆடுகளும் எலிகளும் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 311ஆம் எண் பன்றி முதல் வெடிப்புக்குப் பின் காயலில் நீந்திக்கொண்டிருந்தது என்று சொல்லப்பட்டு, வாசிங்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டுப் புகழ்பெற்றது. அதன் படங்களுக்குக் கீழே அதன் எண்ணும் வரலாறும் தவறாமல் இடம்பெற்றன. மார்ச்சு 6ஆம் நாள் மணலில் அமர்ந்திருந்தோருள் ஜூடாவைத் தவிர்த்துப் பிறர் பெயரைப் படக்குறிப்புகளில் காண்பது அரிது. 'தீவினர்', 'பிக்கினி மக்கள்', 'தாயும் குழந்தையும்' என்பனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. அதிகாரிகளுக்கோ பெயரும் பதவியும் உண்டு.

பிக்கினி மக்கள் குடியேற்றப்பட்ட ரோங்கரிக்கில் போதிய உணவில்லை. 1948 சனவரியில் அங்குச் சென்ற ஹவாய்ப் பல்கலைக்கழக மானிடவியலார் லெனார்டு மேசன் அவர்கள் பட்டினி கிடப்பதைக் கண்டறிவித்தார். அவ்வாண்டு மார்ச்சில் குவாஜலினுக்கும், நவம்பரில் கிலித் தீவுக்கும் அவர்கள் மாற்றப்பட்டனர். கிலி, காயலே இல்லாத ஒற்றைத் தீவு. பரப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. காயலில் மீன்பிடித்தும் தீவுக்குத் தீவு படகோட்டியும் வாழ்ந்தவர்களுக்கு அங்கே ஆண்டின் பல மாதங்கள் படகைக் கடலில் இறக்குவதே அரிதாயிற்று. முகில்களுக்குச் செலவிட்ட படச்சுருளில் மிகச் சிறு பகுதியும் ரோங்கரிக்கின் பட்டினிக்குச் செலவிடப்படவில்லை.

எண்ணிட்ட உடல்கள்

1954 மார்ச்சு முதல் நாள் பிக்கினியில் வெடிக்கப்பட்ட வெப்ப அணுக்குண்டின் ஆற்றல் 15 மெகாடன். எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக வெடித்த அதன் கதிர்வீச்சுத் தூசு கிழக்கே ரோங்கலாப், அய்லிங்கினே, ரோங்கரிக், உடிரிக் ஆகிய தீவுகளில் வெண்பொடியாகப் படிந்தது. ரோங்கலாப்பில் அப்பொழுது இருந்த 64 பேரும் மூன்றாம் நாள்தான் அகற்றப்பட்டனர். மார்ச்சு 11ஆம் நாள் அமெரிக்க அணுசக்தி ஆணையம் வெளியிட்ட அறிக்கை, எவர்க்கும் தீப்புண் இல்லை என்றும் அனைவரும் நலமாக இருப்பதாகவும் கூறிற்று. அடுத்து வந்த நாட்களில் குவாஜலின் படைத்தளத்தில் எடுக்கப்பட்ட மருத்துவப் படங்களில் கழுத்திலும் பாதங்களிலும் புண்கள் தெளிவாகத் தெரிகின்றன. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்த சிறுமியரும் சிறுவரும் தெரிகின்றனர். அப்படங்களுள் சிலவற்றை அதே ஆணையம் 1956இல் தன் ஆய்வு நூலில் அச்சிட்டது. ஓர் அரசின் அறிக்கையை அவ்வரசின் படமே மறுப்பது ஆவணக் காப்பகங்களில் அடிக்கடி கிடைக்கும் வாய்ப்பன்று.

ஆயினும் அப்படங்கள் அறிக்கையை மறுப்பதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. திட்டம் 4.1 என்று பெயரிடப்பட்ட மருத்துவ ஆய்வுக்காக எடுக்கப்பட்டவை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பின்னாளில் ஆண்டுதோறும் வந்த புரூக்ஹேவன் ஆய்வுக்கூட மருத்துவர்களின் அறிக்கைகளிலும் அவர்கள் எண்களாகவே தொடர்ந்தனர். படத்தின் சட்டகம் புண் இருக்கும் இடத்தோடு முடிகிறது. ஒரு கழுத்து, ஒரு பாதம், ஒரு பின்தலை. ஒளி சீராக விழுகிறது. பின்னணி வெறுமை. களன் என்பதே இல்லை என்பதுதான் இவற்றின் இலக்கணம். அந்தப் பாதம் எந்தத் தீவின் மணலில் நடந்தது என்று கேட்க இடமில்லை. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றிலிருந்து பிறக்கும் இளிவரலே இங்கு எழ வேண்டிய மெய்ப்பாடு. பிறர் நிலை கண்டு உள்ளம் குறுகும் அவ்வுணர்வைத் தடுப்பதற்கென்றே எண்கள் இடப்பட்டன போலும். மருத்துவப் படம் எல்லா நாட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று கூறலாம். உண்மைதான். ஆனால் பிற நாட்டு நோயாளி சிகிச்சை தேடி மருத்துவரிடம் சென்றவர். ரோங்கலாப் மக்களிடம் நோய்தான் தேடி வந்தது; அதனை அனுப்பியவரே படமும் எடுத்தார்.

இப்படங்கள் எதனையும் இக்கட்டுரையுடன் சேர்க்க நாம் விரும்பவில்லை. அவற்றிலுள்ள குழந்தைகளிடம் எவரும் இசைவு கேட்டதில்லை. நாமும் கேட்க இயலாது. எனினும் இம்முடிவை ஒரு பொது விதியாக்க நமக்கு உரிமையில்லை. ரோங்கலாப் மக்களே அப்படங்களைக் கையில் ஏந்திச் சான்றாகக் காட்டியிருக்கிறார்கள். தம் உடலின் படத்தைத் தாமே காட்டும்பொழுது கூற்று மாறிவிடுகிறது. 1995 நவம்பரில் அனைத்துலக நீதிமன்றத்தில் சான்றுரைத்த லிஜோன் எக்னிலாங், 1954இல் எட்டு வயதுச் சிறுமி. தமக்கு ஏழு முறை கரு கலைந்ததை அவர் நீதிபதிகள்முன் எடுத்துரைத்தார். ஆணையத்தின் நூலில் இருப்பவை எண்கள். நீதிமன்றப் பதிவில் இருப்பது ஒரு பெயரும் ஒரு வாழ்க்கையும்.

ஆட்சியின் அன்றாடம்

ஹவாய்த் தொகுதிக்கு வந்தால் வேறொரு காற்று வீசுகிறது. இங்கே முகில் இல்லை. பள்ளிக்கூடங்கள், மருந்தகங்கள், கொப்பரை மூட்டை ஏற்றும் கப்பல்கள், ஐக்கிய நாடுகள் பார்வைக் குழுவினரை மாலையிட்டு வரவேற்கும் சிறுமியர், 1965இல் தொடங்கிய மைக்ரோனேசியப் பேராயத்தின் உறுப்பினர்கள், 1966 முதல் வந்திறங்கிய அமைதிப்படைத் தொண்டர்கள். 'மைக்ரோனேசியன் ரிப்போர்ட்டர்' போன்ற நிருவாக வெளியீடுகளுக்கு இத்தகைய படங்கள் தேவைப்பட்டன. பொறுப்பாட்சி ஒழுங்காக நடைபெறுகிறது என்று மேலவைக்குக் காட்டும் கடமையும் இருந்தது. ஆகவே இவற்றில் வளர்ச்சி எப்பொழுதும் நடந்துகொண்டே இருக்கிறது. எதுவும் முடிவதில்லை, எதுவும் தவறுவதில்லை. குடியேற்ற ஆட்சியில் இருந்த எந்த நாட்டினர்க்கும் இவ்வகைப் படங்கள் பழக்கமானவையே.

இவற்றை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கும் போக்கு ஆய்வாளரிடையே உண்டு. அதில் நமக்கு முழு உடன்பாடில்லை. பேராய உறுப்பினர்கள் வரிசையாக நிற்கும் படங்களில் அவர்கள் பார்க்கும் பார்வையில் பெருமிதம் இருக்கிறது. அது எவரும் சொல்லிக் கொடுத்து வந்ததாகத் தோன்றவில்லை. அவர்களுள் பலர்க்கு அங்கே பெயரும் உண்டு. அப்பேராயத்தில் தொடங்கிய அரசியல் பேச்சுகளே பின்னர்த் தனி நாடுகளாக முடிந்தன. எடுத்தவர் கருதியதற்கு அப்பாலும் படம் ஒன்றைச் சொல்லக்கூடும்.

ஆனால் இத்தொகுதியின் அமைதி எதனைச் சார்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1954 ஏப்ரல் 20ஆம் நாள் மார்ஷல் தீவினர் ஐக்கிய நாடுகளின் பொறுப்பாட்சி மன்றத்துக்கு ஒரு முறையீடு அனுப்பினர். சோதனைகளை உடனே நிறுத்துமாறு அதில் வேண்டினர். நிலம் என்பது தங்களுக்குப் பயிரிடும் இடமோ இறந்தோரைப் புதைக்கும் இடமோ மட்டுமன்று, உயிரே அதுதான் என்னும் கருத்தையும் அதில் எழுதியிருந்தனர். இதுவே அவர்கள் கூற்று, கேட்போரும் தெளிவு. இக்கூற்றுக்கு இணையான படம் நிருவாகத் தொகுப்பில் இல்லை. முறையிடும் மக்களைப் படமெடுக்க நிருவாகத்துக்குக் காரணம் ஏதுமில்லை அன்றோ? மன்றமும் சோதனைகளை நிறுத்தச் சொல்லவில்லை. முன்னெச்சரிக்கை எடுக்கச் சொல்வதோடு நின்றது. மேலும் நான்கு ஆண்டுகள் வெடிப்புகள் தொடர்ந்தன.

வேறு கைகள்

1985 மே மாதத்தில் ரோங்கலாப் மக்கள் தம் தீவை மீண்டும் விட்டனர். 1957இல் அங்குத் திரும்பலாம் என்று கூறி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். நோய்கள் தொடர்ந்தமையால் தாமே புறப்பட முடிவு செய்து, அரசுகள் உதவாத நிலையில் கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பலை நாடினர். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் குவாஜலின் தொகுதியிலுள்ள மெஜாட்டோத் தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அக்கப்பலில் இருந்த நிழற்படக் கலைஞர் பெர்னாண்டோ பெரேரா இப்பயணத்தைப் படமாக்கினார். பிரித்தெடுத்த வீட்டுப் பலகைகளைப் படகில் ஏற்றுதல், கைத்தாங்கலாக இறக்கப்படும் முதியோர், கப்பல் தட்டில் அமர்ந்திருக்கும் தாய்மார் ஆகியன அவற்றுள் உள்ளன. 1946ஆம் ஆண்டுப் படங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே புலப்படும். இங்கு எவரும் ஒரு காட்சியைத் திரும்ப நடித்துக் காட்டவில்லை. எல்லோருக்கும் கைநிறைய வேலை. படக்கருவி ஒதுங்கி நின்று வழி விடுகிறது. அவ்வாண்டு சூலை 10ஆம் நாள் ஆக்லாந்துத் துறைமுகத்தில் பிரெஞ்சு உளவுத்துறையினர் வைத்த வெடியால் அக்கப்பல் மூழ்கியபொழுது பெரேரா உயிரிழந்தார்.

இவ்விரு வகைப் படங்களுள் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பதைவிட, இரண்டையும் தீவினர் இன்று எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று பார்ப்பதே பயன் தரும். 1988இல் அமைந்த அணுக்கோரிக்கைத் தீர்ப்பாயம் பிக்கினி மக்களுக்கு 2001 மார்ச்சில் 563 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. உடன்படிக்கையின்படி எல்லாத் தீவினர்க்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டிருந்த நிதியே 150 மில்லியன் டாலர்தான். ஆகவே அத்தொகையில் மிகச் சிறு பகுதிக்கு மேல் வழங்க இயலவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. தீவு விட்டுத்தரப்பட்டது எனின் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த வாக்குறுதியின்பேரில் என்பவை அங்கே வெறும் வரலாற்று வினாக்கள் அல்ல. வயட் 'தற்காலிகமாக' என்று கேட்ட சொல், கடற்படையே எடுத்த திரைச்சுருளில் பதிவாகி இருக்கிறது. ஒப்புதலைக் காட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப எடுத்த அதே சுருள், வாக்குறுதியையும் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்துவிட்டது.

பிக்கினியைக் கண்டறியாத பேரர்களுக்கு வேறொரு பயனும் உண்டு. 1946 மார்ச்சில் எடுத்த படங்களில் வீடுகளின் கூரை அமைப்பும், கரையில் ஏற்றிவைத்த பாய்மரப் படகுகளும், தென்னந்தோப்பின் அடர்த்தியும், கல்லறைகளின் இருப்பிடமும் தெரிகின்றன. படமெடுத்தவர்க்கு அவை பின்னணி. கிலியிலும் மஜூரோவிலும் பிறந்தோர்க்கு அவையே படம். 1970களில் சில குடும்பங்கள் பிக்கினிக்குத் திரும்பியதுண்டு. உடலில் கதிரியக்கப் பொருள் சேர்ந்ததால் 1978இல் அவர்களும் வெளியேற்றப்பட்டனர். 2010இல் யுனெஸ்கோ அத்தீவை உலக மரபிடமாக அறிவித்தது. மரபிடம் உண்டு, அங்கு வாழும் மரபினர் இல்லை.

அம்மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட ஒரு காட்சியைக் குறிப்பிட வேண்டும். அது அவர்களின் கொடி. அமெரிக்கக் கொடியை அப்படியே ஒத்த செந்நிற, வெண்ணிறப் பட்டைகளும் நீலக் கட்டமும் உடையது. கட்டத்தில் தங்கள் தீவுகளுக்காக 23 வெண்மீன்கள். மேல் மூலையில் மூன்று கருமீன்கள், 1954 குண்டினால் மறைந்த மூன்று தீவுகளுக்காக. கீழ் மூலையில் இரண்டு கருமீன்கள், இப்பொழுது வாழும் கிலிக்கும் எஜிட்டுக்கும். அமெரிக்கக் கொடியை ஒத்திருப்பது அந்நாடு தங்களுக்குப் பட்ட கடனை நினைவூட்டவே என்பது அவர்கள் தரும் விளக்கம். கொடியில் ஒரு தொடரும் எழுதப்பட்டுள்ளது. எல்லாம் இறைவன் கையில் என்று ஜூடா வயட்டுக்குச் சொன்ன, படக்கருவிகளுக்காக மீண்டும் மீண்டும் சொல்ல வைக்கப்பட்ட, அதே மறுமொழி.